ஒற்றைச் சிலிண்டர் ஓசை இலக்கணம்: கல்முனைக் கரையோரச் சைலன்சர் குறித்து ஓர் ஆய்வு

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், தம் காலத்தில் எவரும் கேட்டிராத ஒரு வாத்தியத்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தார். வழக்கொழிந்துபோன யாழின் நரம்புகளைக் கணக்குப் போட்டே மீட்டெடுத்து, 1947இல் ‘யாழ் நூல்’ என்று ஊருக்குக் கொடுத்தார். கேட்காத ஓசைக்கு அவ்வளவு பெரிய நூல். அதே காரைதீவுச் சந்தியிலிருந்து வடக்கே மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி என்று போகிறவர் காதை ஸுபஹுக்குப் பிறகு ஒரு நிமிடம்கூட விட்டு நீங்காத ஓசை ஒன்று இருக்கிறது. அதற்குத் துண்டுப்பிரசுரம்கூட இதுவரை கிடையாது. பழைய ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளில் பொருத்தப்படும் மாற்றுச் சைலன்சரின் ஓசையே அது. தமிழாய்வுலகின் இப்பெருங்குறையைப் போக்க இக்கட்டுரை முனைகிறது.

ஆய்வின் எல்லை: ஏ4 வீதியில் மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை. காலம்: பெரும்பாலும் அஸருக்குப் பிறகு. முறை: தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்து காதைத் திறந்து வைத்திருத்தல். நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்து ஸஹர் வரைக்கும் ஊர் விழித்திருப்பதால் அந்த இரவுகளில் தரவுகள் தேவைக்கு மேலேயே கிடைத்தன. ஆய்வாளர் பலமுறை தூக்கத்தைத் துறக்க நேர்ந்தது. அதற்கு எந்த நிறுவனமும் நிதி வழங்கவில்லை.

ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது ஹொண்டா எம்.டி. 90. இந்தக் கரையில் புல்லட் மோட்டார் சைக்கிளைக் காண்பது கலியாண ஊர்வலத்தில் யானையைக் காண்பதுபோல அரிது; எம்.டி. 90 என்பது வீட்டு ஆடு. 1958இல் பிறந்த சூப்பர் கப்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் 2017இல் பத்துக் கோடி வண்டிகளைத் தாண்டியது. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் அந்தக் கணக்கை எட்டியதில்லை. அதில் எம்.டி. என்பது ஜப்பானியத் தபால்காரருக்கென்றே செய்த கிளை. சிவப்பு நிறம், முன்னால் கடிதப் பைக்கு இடம், பின்னால் பெட்டிக்குத் தட்டு, கையால் பிடிக்க கிளச் இல்லை. வாசலுக்கு வாசல் நின்று நின்று போகிறவனுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. பெயரில்தான் 90, சிலிண்டரின் கொள்ளளவு 90 கன சென்டிமீற்றரைத் தொடுவதில்லை. ஜப்பானில் வேலை முடித்து ஓய்வு பெற்ற வண்டி கப்பலேறி ரீகண்டிசனாக இலங்கைக்கு வந்து, கல்முனையில் இரண்டாம் வாழ்க்கையைத் தொடங்கியது. கடிதம் சுமந்த தட்டில் இப்போது மீன் பெட்டி, சம்மாந்துறை அரிசி மூட்டை, மருதமுனைச் சாரக் கட்டு. வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் வாப்பா, உம்மா, இரண்டு பிள்ளைகள்.

தபால்காரர் வண்டி சத்தம் போடக் கூடாத வண்டி. அதன் பழைய சைலன்சருக்குள் அறை அறையாகத் தடுப்புகள் உண்டு. எஞ்சினிலிருந்து பாய்ந்து வரும் காற்று ஓர் அறையில் நுழைந்து, திரும்பி, அடுத்த அறைக்குப் போய், மறுபடி திரும்பி, கோபமெல்லாம் அடங்கிய பிறகுதான் வெளியே வரும். வட்டிக்கடன் கேட்டு வந்தவனை நாலு மேசைக்கு அலைய விட்டு அனுப்புகிற அலுவலகம் மாதிரி.

இங்கே பெயராராய்ச்சி அவசியமாகிறது. சைலன்சர் என்றால் அமைதியாக்குவது. ஆனால் கரையோர வழக்கில் ‘என்ன சைலன்சர் போட்டிருக்கான்!’ என்று வியந்தால், அமைதி போய்விட்டது என்று பொருள். வேட்டியில்லாதவனை ‘வேட்டி’ என்று அழைப்பதைப் போன்ற இந்த முரணுக்கு வரலாற்றிலும் ஒரு துணை உண்டு. 1884இல் தானியங்கி இயந்திரத் துப்பாக்கியைச் செய்த ஹைரம் மாக்சிம், தன் துப்பாக்கியின் சத்தத்தாலேயே காது கேளாமல் போனவர். அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் துப்பாக்கிக்குச் சைலன்சர் செய்து காப்புரிமை வாங்கினார். எஞ்சின்களின் சத்தத்தை அடக்கும் குழல்களும் அவர் கம்பனியிலிருந்து வந்தன. வாப்பா சத்தத்தைக் கண்டுபிடித்தார், மகன் அதை அடைக்க வழி கண்டுபிடித்தார். கல்முனையில் வாப்பாவின் எம்.டி. 90ஐ மகன் வாங்கிக்கொண்டதும் நடப்பது இதன் தலைகீழ்.

ஏன் மாற்றுகிறார்கள் என்ற கேள்விக்குப் பெரியவர்களிடம் ஒரே பதில்தான்: ‘பொடியனுகள்ட திமிரு.’ ஆய்வாளர் இதை ஏற்க மறுக்கிறார். மாற்றுச் சைலன்சரின் மூல ஆசிரியர் உப்புக்காற்று. கடலுக்கும் ஏ4 வீதிக்கும் இடையில் கல்லெறி தூரமே உள்ள ஊர்களில் இரும்பு வெளியிலிருந்து கறள் பிடிக்கும். இது எல்லோருக்கும் தெரியும். உள்ளேயிருந்தும் பிடிக்கும் என்பதுதான் தெரியாது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடினால் குழல் சூடேறி அது நீராவியாகப் போய்விடும். சந்தைக்கும் பள்ளிக்கும் கடற்கரைக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் குழல் நன்றாகச் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். தண்ணீர் உள்ளேயே, அடிப்பள்ளத்தில், தேங்கிக் கிடக்கும்.

ஜப்பான்காரன் இதை யோசிக்காமல் இல்லை. பழைய சைலன்சர்களின் அடியில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கும், தண்ணீர் சொட்டிப் போக. அந்தத் துளையிலிருந்து நீர் சொட்டுவதையும் கொஞ்சம் புகை வருவதையும் கண்ட உரிமையாளர் பதறிப்போய் வண்டியைக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு வருவார். ‘சைலன்சர் ஓட்டையாப் போச்சு.’ மெக்கானிக் பாஸும் ஒரு பொட்டு வெல்டிங் வைத்து அடைத்துக் கொடுப்பார். அன்றிலிருந்து அந்தச் சைலன்சரின் ஆயுள் எண்ணப்படுகிறது. சில மழைக்காலங்கள் கழித்து அடிவயிறு முழுக்க உதிர்ந்து விழும்போது, ‘அண்டைக்கே ஓட்டை வந்திச்சு, எனக்குத் தெரியும்’ என்பார் உரிமையாளர்.

சரி, விழுந்துவிட்டது. இனி ஒரிஜினல் வாங்கலாம் என்றால், 2020 மார்ச்சில் நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியது; தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வண்டிகளின் மதிப்பு ஏறியது. பழைய ஜப்பான் சாமானின் மதிப்பும் கூடவே ஏறியது. கடையில் கிடைப்பது சைனா. அதன் நிக்கல் பூச்சு, கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றத்துக்கு வாங்கினால் அடுத்த கொடியேற்றத்தைக் காணுமா என்று சந்தேகப்பட வைக்கும் பூச்சு. மிஞ்சியது வெல்டிங் பட்டறை. ஆகவே முதலில் வந்தது தேவை. ஏதாவது ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்று வந்த பிறகுதான், ‘செய்யிறதோட கொஞ்சம் சத்தமாவே செய்வமே’ என்ற எண்ணம் பொடியனுக்கு வருகிறது. திமிர் என்பது உபவிளைவு.

பொருத்தும் படலத்தை ஆய்வாளர் சாய்ந்தமருதில் ஒரு கராஜில் நேரில் கண்டார். கராஜ் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். தகரக் கூரை, வேப்ப மரம், மரத்தில் தொங்கும் பழைய டயர் வரிசை. வேலையின் முதல் கட்டம்தான் ஆகக் கடினம். எம்.டி.யின் தலைப்பகுதியில் புகைக்குழலைப் பிடித்திருப்பவை இரண்டே ஸ்டட்கள், இரண்டே நட்டுகள். முப்பது ஆண்டுச் சூடும் உப்பும் சேர்ந்து நட்டையும் ஸ்டட்டையும் ஒரே உடம்பாக்கியிருக்கும். பத்தாம் நம்பர் ஸ்பானரைப் போட்டு ஆத்திரத்தில் ஓர் இழுப்பு இழுத்தால், நட்டோடு ஸ்டட்டும் முறிந்து கையோடு வரும். மிச்சம் அலுமினியத் தலைக்குள் புதைந்திருக்கும். அதைத் துளைத்து எடுத்து மரை போடுவதற்குள் பொழுது மஃரிபுக்குப் போய்விடும்.

பாஸ் அவசரப்படவில்லை. முதல் நாளே டீசலில் நனைத்து வைத்திருந்தார். காலையில் சின்னச் சுத்தியலால் நட்டின் தலையில் மெல்ல மெல்லத் தட்டினார், குழந்தையின் முதுகில் ஏப்பத்துக்குத் தட்டுவதுபோல. பிறகு கேஸ் அடுப்பின் நுனிச் சுவாலையைக் காட்டினார். ஸ்பானரைப் போட்டு முன்னுக்குத் திருப்பாமல் முதலில் இறுக்கும் பக்கமே ஒரு மயிரிழை தள்ளினார்.

“கழத்தத்தானே வேணும் காக்கா, இறுக்கிறீங்க?”

“பிடிச்சிக்கிட்டிரிக்கிறவன்ட முதல்ல அவன்ட பக்கம் பேசணும் சேர். மறுகா நம்மட பக்கம் கூட்டி வரலாம்.”

கீச்சென்று ஒரு சத்தம். நட்டு சுழன்றது. பார்த்துக்கொண்டிருந்த நான்கு பேரும் மூச்சை விட்டார்கள்.

அடுத்து வளைவு. எஞ்சினின் தலையிலிருந்து கீழிறங்கி, காலடிக் கம்பிக்கு அடியில் ஓடிப் பின்சக்கரத்தை நோக்கிப் போக வேண்டிய குழாய் அது. இதற்கென்று வளைக்கும் இயந்திரம் பெரிய பட்டறைகளில் உண்டு. இங்கே மணல். குழாயை வெறுமனே சூடாக்கி வளைத்தால் முழங்கை மடிப்பில் நசுங்கிப் போகும்; அதனால் உள்ளே மணலைத் திணித்து, இரு முனையிலும் மரக்கட்டையால் அடைத்து, வளைக்கும் இடத்தைச் சிவக்கச் சூடாக்கி வளைப்பார்கள். கல்முனைக் கரையில் மணலுக்கென்ன பஞ்சம் என்று தோன்றும். ஆனால் கடல் மணலில் உப்பு; மணலில் துளி ஈரம் இருந்தாலும் சூட்டில் நீராவியாகி அடைப்புக் கட்டையைத் தோட்டாபோல் பிடுங்கி எறியும். எனவே ஆற்று மணலை எடுத்து, ஒரு பழைய தாச்சியில் வறுத்துக்கொண்டிருந்தார் பாஸின் கையாள். எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் என்று ஆய்வாளர் குறிப்பேட்டைத் திறந்தார். “இடியப்ப மா வறுக்கிற மாதிரித்தான். கையில ஒட்டப்படாது” என்று பதில் வந்தது. குறிப்பேட்டில் அப்படியே எழுதப்பட்டது.

குழாய்க்கு எந்த உலோகம் என்பதில் இரண்டு மரபுகள் உள்ளன. ஒன்று ஜி.ஐ. தண்ணீர்க் குழாய் மரபு: மலிவு. ஆனால் அதன் மேல் பூசிய துத்தநாகம் வெல்டிங் சூட்டில் வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் இரவில் நடுக்கமும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று வெல்டிங்காரர்கள் நம்புகிறார்கள். பாலுக்கு அப்படி ஒரு சக்தியும் கிடையாது. மேற்பூச்சைச் சுரண்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வதே வழி. இரண்டாவது எவர்சில்வர் மரபு: மாடிவீடு கட்டியவர்கள் படிக்குக் கைப்பிடி வைத்த மிச்சக் குழாய். வெளிநாட்டுக் காசில் எழுந்த வீட்டின் கைப்பிடித் துண்டு எம்.டி.யின் புகைக்குழலாவதை, ஊரின் பொருளாதாரத்தை ஆராய்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு உள்ளே என்ன? ஜப்பானிய அறைகள் போயின. துளையிட்ட ஒரு நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கிளாஸ்வூல். அது கிடைக்காவிட்டால் பாத்திரம் தேய்க்கும் இரும்புச் சுருள். அது சில மாதங்களில் கருகித் தூளாகி வெளியேறும். நாளாக ஆகச் சத்தம் ஏறுவது இதனால்தான். ‘இப்பதான் செட்டாகி நல்ல சத்தம் வருது’ என்று பெருமைப்படுகிறவன், தன் சைலன்சரின் குடல் வீதியெங்கும் கொட்டிக் கிடப்பதை அறியான்.

இனி ஓசை இலக்கணம். நான்கு வீச்சு எஞ்சினில் சுழலி இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு தடவை வெடிப்பு. நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் விநாடிக்குப் பத்து வெடிப்பு. ஒரே சிலிண்டர் என்பதால் இடையில் வேறு வெடிப்பு வந்து கலக்காது. ஒவ்வொன்றும் தனித்தனியே காதில் விழும். அசை பிரிக்கலாம். நெடுவீச்சு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் மெதுவாக நின்று துடிக்கையில் ‘டப், டப்’: நேர் நேர், தேமா. எம்.டி. 90 அவசரக்காரன், ‘டுடுக், டுடுக்’: நிரை நிரை, கருவிளம். களிகம்பும் கையுமாகப் பொல்லடி ஆடிய பரம்பரைக்கு இந்தக் கணக்கு காதிலேயே ஊறியது. அடித்த கம்புக்கும் அடுத்த அடிக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில்தான் தாளம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

கைப்பிடியைத் திருகினால் என்ன ஆகிறது? மனிதக் காது விநாடிக்கு ஏறத்தாழ இருபது துடிப்புவரை தனித்தனியாக எண்ணும். அதைத் தாண்டினால் துடிப்புகள் கரைந்து ஒரே சுருதியாகிவிடும். விநாடிக்கு இருபது வெடிப்பு என்றால் நிமிடத்துக்கு 2,400 சுற்று. அதாவது எம்.டி. 90 நிற்கும்போது யாப்பு, ஓடும்போது இசை. ஏழாயிரம் சுற்றில் போகிறவன் யாழ் வாசிக்கிறான். சந்தியில் நிற்கிறவன் வெண்பா சொல்கிறான். விபுலாநந்தர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இந்த இரண்டும் ஒரே குழாயில் நிகழ்வதை ஆய்வாளர் பணிவோடு சுட்டிக்காட்டுகிறார்.

இவ்விடத்தில் தேத்தண்ணிக் கடையின் நிரந்தர விவாதத்தைத் தீர்த்து வைப்பது கடமை. ‘பேக் பிரஷர் இல்லாட்டி பைக் இழுக்காது’ என்பது ஒரு கட்சி. ‘ஓட்டையாப் போட்டா மூச்சு விட்டுப் பறக்கும்’ என்பது மறு கட்சி. இரண்டு கட்சியும் பாதி தவறு. எஞ்சினுக்கு அடைப்பு தேவையில்லை, வேண்டியது அலை. வால்வு திறந்ததும் ஓர் அமுக்க அலை குழாய் வழியே ஓடி, திறந்த முனையில் முட்டித் தலைகீழாகி, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். சூடான காற்றில் ஒலி விநாடிக்கு 500 மீற்றருக்கு மேல் போகும். ஒரு மீற்றர்க் குழாயில் போய்வர விநாடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு. 7,500 சுற்றில் அதற்குள் சுழலி ஏறக்குறைய அரைச்சுற்று சுற்றியிருக்கும். அந்த அலை சரியான நேரத்தில் வாசலுக்கு வந்தால் மிச்சப் புகையை இழுத்துப் புதுக்காற்றுக்கு வழி விடும். பிந்தி வந்தால் விருந்து முடிந்து வந்த மச்சான் மாதிரி. எனவே எல்லாமே குழாயின் நீளத்திலும் அகலத்திலும் இருக்கிறது. கராஜில் நீளத்தை எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்று கேட்டபோது, “துண்டு எவ்வளவு இரிக்கோ அவ்வளவு” என்றார் பாஸ்.

புகை எளிதாகப் போனால் காற்று எளிதாக உள்ளே வரும். பெற்றோல் பழைய அளவிலேயே வரும். கலவை நீர்த்துப்போய் எஞ்சின் சூடேறும். நாட்பட்டால் வால்வு கருகும். இதை அறிய பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் போதும். பால் தேத்தண்ணி நிறம் என்றால் சுகம், சுண்ணாம்பு வெள்ளை என்றால் பட்டினி, பிளேன்ரீக் கறுப்பென்றால் அளவுக்கு மிஞ்சிய தீனி. பட்டினிக்கு மருந்து, காபரேட்டரின் ஜெட்டைப் பெரிதாக்குவது. அப்போது பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். 2022 ஜூலையில் கியூ.ஆர். முறையில் எரிபொருள் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அந்த நாலு லீற்றரில் சத்தத்துக்கு எவ்வளவு, சந்தைக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டிய காலத்தில் பல வீடுகளில் பழைய சைலன்சரைத் தேடிக் கோழிக்கூட்டின் மேலிருந்து இறக்கியிருப்பார்கள் என்பது ஆய்வாளரின் ஊகம். ஆதாரம் கேட்டால் கோழிகளைத்தான் கேட்க வேண்டும்.

இறுதி அலங்காரம் ஸ்டிக்கர். பெரும்பாலும் யோஷிமுரா. ஹிடியோ யோஷிமுரா என்ற ஜப்பானியர் நான்கு சிலிண்டர் வண்டியின் நான்கு குழல்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே வாயில் முடிக்கும் முறையால் 1970களில் புகழ் பெற்றவர். ஒரே சிலிண்டரிலிருந்து வரும் ஒரே குழலை ஒரே குழலாகவே முடித்துவிட்டு அவர் பெயரை ஒட்டுவதில் உள்ள தத்துவ நுட்பம் தனி ஆய்வுக்குரியது.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது; மாற்றுச் சைலன்சரோடு பிடிபட்டால் பொலிஸார் விடமாட்டார்கள். இந்தியாவில் பல நகரங்களில் பறித்த சைலன்சர்களை வரிசையாக வீதியில் அடுக்கி ரோட் ரோலரை ஏற்றுகிறார்கள். இங்கே ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். ஆனால் அந்த இயந்திரம் புகையில் என்ன வாயு எவ்வளவு என்று மட்டும் பார்க்கும். அதற்கு மூக்கு உண்டு, காது இல்லை.

காது இருப்பவர்கள் ஊரார். 2009க்கு முந்திய போர்க்கால இரவுகளில் இந்தக் கரையில் ‘பட்’ என்று ஒரு வெடிச்சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் படுத்தார்கள். எவருக்கும் காபரேட்டர் நினைவுக்கு வந்திருக்காது. அந்தத் தலைமுறை இன்னும் திண்ணையில் இருக்கிறது. கைப்பிடியை விடும்போது குழாய் இணைப்பில் காற்றுக் கசிந்து பின்வெடிப்புக் கேட்டால், பேரன் சிரிக்கிறான், மூத்தப்பாவின் தோள் ஒருமுறை துள்ளி அடங்குகிறது. இணைப்பில் ஒரு புதுச் செம்பு வளையம் போட்டால் அந்த வெடிப்பு நின்றுவிடும். பாஸ்மார் அதைப் போடச் சொல்கிறார்கள். பொடியனுகள் ‘அது இரிக்கட்டும் காக்கா’ என்கிறார்கள்.

கடைசித் தரவு நோன்பு மாதத்து இரவொன்றில், மாளிகைக்காட்டில் ஒரு வீட்டு வாசலில் கிடைத்தது. மணி இரண்டு. தெருமுனையிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, ஒருவன் எம்.டி. 90ஐ வெறுங்காலோடு தள்ளிக்கொண்டு வந்தான். கேட்டைத் தூக்கி, கீச்சிடாமல் திறந்தான். திண்ணையில் இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“வந்துட்டியா மனே?”

“என்னம்மா, இன்னம் நித்திர கொள்ளல்லியா? நான் சத்தமே போடல்லியே.”

“அதுதான் மனே. சத்தம் வரும் வருமெண்டு காதக் குடுத்துக்கிட்டுக் கிடந்தன். கால் கழுவிட்டு வா, ஸஹருக்கு மா பிசைஞ்சு வெச்சிரிக்கன்.”